ரப்பர் பாலும் மரச்சீனித் தண்ணீரும் வைத்து மூலக்கூறு விசைகளைப் படிப்பது எப்படி?

முதலாண்டு உயிர்வேதியியலில் சேர்ந்த பிள்ளைகளிடம் "ஒரு புரதத்தை அதன் வடிவத்தில் பிடித்து வைத்திருப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு, அயனி ஈர்ப்பு, வாண்டர் வால்ஸ் விசை, நீர்வெறுக்கும் விளைவு என்று நான்கு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். "இதில் எது எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வந்ததும் வகுப்பு அடங்கிவிடும். பெயர்கள் மனப்பாடம், அளவுகள் கைவசம் இல்லை. அளவு தெரியாமல் இந்தப் பாடத்தில் ஒரு பக்கம்கூட முன்னே போக முடியாது என்பது என் கருத்து.

குமரி மாவட்டத்தில் இருக்கிற ஒருவருக்கு இதைப் படிக்க ஒரு வசதி உண்டு. உயிர் மூலக்கூறுகளின் விசைகள் கண்முன்னே வேலை செய்யும் பொருள்கள் வீட்டிலும் விளையிலும் சும்மாவே கிடக்கின்றன: ரப்பர் பால், மரச்சீனி, வெளிச்செண்ணெய், முட்டை. இவற்றோடு ஒரு சாதாரண வெப்பமானி, ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் பி.எச். தாள் ஒரு கட்டு, மருந்துக் கடையில் புண்ணுக்குத் தரும் அயோடின் மருந்து, ஒரு அகலமான ரப்பர் பேண்ட், கால்குலேட்டர். இவ்வளவு போதும். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் சோதனைகளைச் செய்யலாம், கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: முதலில் ஓர் அளவுகோல்

எந்த விசையையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஓர் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்: 2.5 கிலோஜூல். வாயு மாறிலி 8.314ஐ 300 கெல்வினால், அதாவது நம் ஊர் அறை வெப்பநிலையான 27 டிகிரியால், பெருக்கினால் ஒரு மோலுக்கு 2,494 ஜூல் வரும். சூட்டினால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும் ஆற்றலின் அளவு இது.

ஆடி அமாவாசை அன்று முக்கடல் கூடும் இடத்தில் குளிக்க இறங்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பிரிந்துவிடுவார்கள். தோளை இறுக்கிப் பிடித்தவர்கள் சேர்ந்தே கரையேறுவார்கள். மூலக்கூறுகளுக்கு அந்த நெரிசல்தான் இந்த 2.5.

இப்போது மற்ற எண்களை இதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான சகப்பிணைப்பை முறிக்க மோலுக்கு சுமார் 350 கிலோஜூல் வேண்டும். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 அளவில். இரண்டு அணுக்கள் தொட்டுக்கொள்ளும் வாண்டர் வால்ஸ் ஈர்ப்புக்கு 0.4 முதல் 4 வரை. உடலில் ஆற்றலுக்குச் சில்லறைக் காசாகப் புழங்கும் ஏ.டி.பி. நீரால் பகுக்கப்படும்போது, திட்ட நிலையில், 30.5.

350ஐ 2.5ஆல் வகுத்தால் 140. சூட்டின் இடிபாட்டில் அந்தப் பிணைப்பு தானாக முறிவதற்கான வாய்ப்பு, 1க்குப் பின் அறுபது சுழியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொள்ளலாம். 20ஐ வகுத்தால் 8. வாய்ப்பு சுமார் மூவாயிரத்தில் ஒன்று. மூலக்கூறுகள் ஒரு வினாடிக்குள் எத்தனை கோடி தடவை இடித்துக்கொள்கின்றன என்று பார்த்தால் மூவாயிரத்தில் ஒன்று என்பது மிகவும் தாராளம். அதனால்தான் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது.

உயிருள்ள செல் தன் அன்றாட வேலைகளுக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் நம்பியிருக்கிறது. நொதி தன் வினைபொருளைப் பிடிக்க வேண்டும், வேலை முடிந்ததும் விடவும் வேண்டும். 350ஐ வைத்துப் பிடித்தால் விடவே முடியாது.

படி 2: பிடிப்பதையும் விடுவதையும் கண்ணால் பாருங்கள்

மரச்சீனி அவித்தால் முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவது நம் வழக்கம். கிழங்கில் உள்ள சயனைடு தரும் சேர்மம் அந்தத் தண்ணீரில் இறங்குவதால் அது நல்ல வழக்கம். கொட்டுவதற்கு முன் அரை டம்ளர் எடுத்து வையுங்கள். குடிக்க அல்ல, சோதனைக்கு. மங்கலாகத் தெரிகிறதே, அதில் ஸ்டார்ச் இருக்கிறது. பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள்.

ஒரு கண்ணாடிக் குழாயிலோ சிறிய மருந்துக் குப்பியிலோ பாதி நிரப்பி, அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் வரும். நிறம் மிக அடர்த்தியாக இருந்தால் இன்னும் தண்ணீர் விடுங்கள். மறுபக்கம் தெரியும் அளவுக்கு நீலம் இருந்தால்தான் அடுத்த மாற்றம் தெளிவாகத் தெரியும். இனி அந்தக் குப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் இறக்குங்கள். நீலம் மெல்ல வெளுத்துப் போகும். உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். நீலம் திரும்பி வரும். அதிக நேரம் கொதிக்க விட்டால் அயோடின் ஆவியாகிப் போய்விடும், பிறகு நிறம் திரும்பாது. ஆகவே வெளுத்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ் சங்கிலி சுருள் வடிவம் எடுக்கக் கூடியது; ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளின் உள்குழலில் அயோடின் வரிசையாக உட்காரும்போது நீலம் தெரிகிறது. சகப்பிணைப்பு எதுவும் உருவாகவில்லை, எதுவும் முறியவும் இல்லை. சூடேற்றினால் விடுகிறது, ஆறினால் பிடிக்கிறது.

இங்கேதான் பாடப்புத்தகத்தின் சமன்பாடு கைக்கு வருகிறது:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

என்தால்பி என்பது வெப்பக் கணக்கு; என்ட்ரோபி என்பது சிதறி அலையும் சுதந்திரத்தின் அளவு. இடது பக்கம் எதிர்க்குறியாக இருந்தால் பிணைப்பு நிலைக்கும், நேர்க்குறியானால் பிரியும். பிடிக்கும்போது வெப்பம் வெளியேறுகிறது, ஆகவே என்தால்பி எதிர்க்குறி. சுதந்திரமாக அலைந்த அயோடின் ஓரிடத்தில் அடங்குகிறது, ஆகவே என்ட்ரோபியும் குறைகிறது. கணக்குப் பழகுவதற்காக இரண்டு எண்களை நானே வைக்கிறேன். இவை ஸ்டார்ச்சுக்கு அளந்து கண்டவை அல்ல. என்தால்பி −60 கிலோஜூல், என்ட்ரோபி கெல்வினுக்கு −0.18 கிலோஜூல் என்று வையுங்கள். 300 கெல்வினில் −60 + 54 = −6. பிடிப்பு நிலைக்கிறது. 360 கெல்வினில் −60 + 64.8 = +4.8. விட்டுவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் 333 கெல்வின், அதாவது 60 டிகிரி. என்தால்பியும் என்ட்ரோபியும் துளியும் மாறவில்லை. வெப்பநிலை மட்டும் மாறியது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சமன்பாடு பிறகு மறக்காது.

படி 3: வெளிச்செண்ணெய் உறைவதைப் பாருங்கள்

இது எளிது, சீக்கிரம் முடியும். ஒரு குப்பியில் வெளிச்செண்ணெய், இன்னொன்றில் நல்லெண்ணெய். இரண்டையும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழிக் குளிரில் பிரிட்ஜ் தேவைப்படாமலும் போகலாம். கடற்கரைப் பக்கம் தேவைப்படும். காலையில் வெளிச்செண்ணெய் கல்லாக இருக்கும், நல்லெண்ணெய் ஒழுகும். வெளிச்செண்ணெய்க் குப்பிக்குள் வெப்பமானியைச் செருகி வெளியே வைத்தால் 24, 25 டிகிரி அளவில் உருகத் தொடங்குவது தெரியும்.

வெளிச்செண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது நிறைவுற்றது, நேரான சங்கிலி. பக்கத்துச் சங்கிலியோடு நெடுகிலும் ஒட்டிப் படுக்கும். ஒவ்வொரு தொடுகையிலும் கிடைப்பது 2.5ஐவிடக் குறைவான அற்ப ஆற்றல்தான். நெடுகிலும் சேர்ந்தால் திடமாகிறது. நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்கள் அதிகம். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைகிறது, அடுத்ததோடு ஒட்டிப் படுக்க இடமில்லை. இதன் தாக்கம் எவ்வளவு என்பதற்கு ஓர் ஒப்பீடு: ஸ்டியரிக், ஓலியிக் இரண்டுக்கும் 18 கார்பன்தான். நேரான ஸ்டியரிக் 69 டிகிரியில் உருகும். ஒரே ஒரு வளைவுள்ள ஓலியிக் 13 டிகிரியிலேயே உருகும். குளச்சலில் வாங்கிய சாளையின் எண்ணெய் பிரிட்ஜிலும் இளகியே இருப்பதற்கு, அதில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் வரை இருப்பதே காரணம். செல்லின் சவ்வு குளிரில் இறுகாமல் இருக்கவும் உயிர்கள் இதே உபாயத்தைத்தான் கையாள்கின்றன.

படி 4: ரப்பர் பால்

இந்தக் கட்டுரையின் நடுமையம் இதுதான். ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். குலசேகரம், அருமனை, திருவட்டாறு, கீரிப்பாறை பக்கம் யாராவது தெரிந்தவர் பால் வெட்டுகிறவராக இருப்பார். சிரட்டையிலிருந்து வாளிக்கு வந்த பாலில் அமோனியா சேர்க்கும் முன் ஒரு டம்ளர் கேட்டு வாங்குங்கள். ரப்பர் பட்டால் தோல் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். தடிப்புக்குக் காரணமான புரதங்கள் இந்தப் பாலில்தான் இருக்கின்றன.

பாலை மெல்லிய துணியில் வடிகட்டிச் சம அளவு தண்ணீர் விட்டு மூன்று டம்ளர்களில் பிரியுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் வினிகர் சொட்டுச் சொட்டாக. மூன்றாவதில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா. ஒவ்வொன்றிலும் பி.எச். தாளை நனைத்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஷீட் போடப் பயன்படும் பார்மிக் அமிலத்தை வீட்டுச் சோதனைக்கு எடுக்காதீர்கள். கேனில் இருக்கும்போது அது தோலைச் சுட்டுப் பொத்தும் அளவுக்குச் செறிவானது. வினிகரே இதற்குப் போதும்.

வெட்டிய புதிதில் பாலின் பி.எச். 6.5க்கும் 7க்கும் இடையில் இருக்கும். வினிகர் விட விடத் தாளின் நிறம் மாறி 5ஐத் தாண்டிக் கீழே இறங்கும்போது டம்ளரில் பால் கட்டிபடத் தொடங்கும். சோடா போட்டது மாலைவரைக்கும் பாலாகவே நிற்கும். எதுவும் போடாதது சில மணி நேரம் தாக்குப் பிடித்து, பிறகு தானாகவே உறையத் தொடங்கும். பாலில் சேரும் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. சிரட்டையில் ஒட்டுப்பால் சேர்வதும் பெரும்பாலும் இவ்வழியேதான்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடவோ குறையவோ ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் தண்ணீரில் கரையாது. சின்னஞ்சிறு துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்கின்றன. நடுநிலைக்குப் பக்கமான பி.எச்.சில் அந்தப் போர்வைக்கு எதிர் மின்சுமை. எல்லாத் துகளுக்கும் ஒரே குறி என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன; தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர முடிவதில்லை.

அமிலம் சேர்ந்ததும் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானை வாங்கிக்கொண்டு மின்சுமையை இழக்கின்றன. பி.எச். 4க்கும் 5க்கும் இடையில் ஓரிடத்தில் புரதத்தின் நிகர மின்சுமை சுழியமாகும். அதைச் சமமின்புள்ளி என்போம். தள்ளும் விசை போய்விட்டது. ஆனால் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. தடை நீங்கியதும் அது வென்றுவிடுகிறது. அமோனியாவும் சோடாவும் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன: பி.எச். ஏறுகிறது, எதிர் மின்சுமை கூடுகிறது, தள்ளல் வலுக்கிறது. அமோனியா நுண்ணுயிரையும் அடக்கிவிடுவதால் அதற்குத் தொழிலில் தனி மதிப்பு.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ரப்பர் கிடைக்காதவர்கள் பசும்பாலும் எலுமிச்சையும் எடுத்தால் போதும். பாலின் பி.எச். 6.6 அளவு; கேசீன் புரதத்தின் சமமின்புள்ளி 4.6. தயிர் தோய்வதற்கும் ரப்பர் ஷீட் உறைவதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே.

இனி கால்குலேட்டரை எடுங்கள். எதிரெதிர்க் குறியுள்ள இரண்டு ஒற்றை மின்சுமைகள் 0.28 நானோமீட்டர் தூரத்தில், வெற்றிடத்தில், எவ்வளவு வலுவாக ஈர்க்கும்? கூலூம் விதியை மோலுக்கு மாற்றி எழுதினால், 138.9ஐ நானோமீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் கிலோஜூல் கிடைக்கும். விடை சுமார் 496. சகப்பிணைப்பையே மிஞ்சுகிறது! இதைப் பார்த்துத்தான் "அயனி ஈர்ப்புதான் மிக வலுவானது" என்று பலரும் எழுதி வைக்கிறார்கள். அதே ஜோடியைத் தண்ணீருக்குள் வையுங்கள். தண்ணீரின் சார்பு விடுதிறன், அதாவது மின் ஈர்ப்பைத் தணிக்கும் மடங்கு, கிட்டத்தட்ட 80. ஈர்ப்பு எண்பதில் ஒரு பங்காகக் குறைந்து 6.2 ஆகிறது. நம் அளவுகோலில் இரண்டரை மடங்கு. அவ்வளவுதான்.

இதோடு நிற்கவில்லை. தண்ணீரில் உப்பு இருந்தால் ஒவ்வொரு மின்சுமையையும் சுற்றி எதிர்க்குறி அயனிகள் கூடி அதை மறைக்கின்றன. நம் இரத்தத்தில் உள்ள அளவு உப்புக்கு இந்த மறைப்பின் எல்லை 0.8 நானோமீட்டர், கடல் தண்ணீரில் சுமார் 0.4. அந்தத் தூரத்தைத் தாண்டினால் ஒரு மின்சுமை இருப்பதே பக்கத்து மூலக்கூறுக்குச் சரியாகத் தெரியாது. இரட்டை மின்சுமையுள்ள கால்சியம் அயனி இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். ரப்பர் கையுறை தயாரிப்பில் அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கிவிட்டுப் பிறகு பாலில் முக்குவது இதற்காகவே. அச்சைத் தொட்ட பால் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்கிறது.

உப்பு என்றால் எப்போதும் உறைய வைக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவை ஒரு டம்ளர் மழைத் தண்ணீரில் கலக்குங்கள். வெண்மேகம் போல மங்கும். ஒரு சிட்டிகை புத்தளம் உப்பைப் போட்டுக் கலக்குங்கள், பெருமளவு தெளியும். வெள்ளைக் கருவில் உள்ள குளோபுலின் புரதங்கள், உப்பில்லாத தண்ணீரில், தங்கள் நேர், எதிர் மின்சுமைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படிகின்றன. கொஞ்சம் உப்பு அந்த ஈர்ப்பை மறைத்து அவற்றைக் கரைத்துவிடுகிறது. உப்பை மிக அதிகமாக்கினால் மறுபடியும் படியும். எந்த உப்பு எந்த அளவில் புரதத்தைப் படிய வைக்கும் என்று முதலில் வரிசைப்படுத்தியவர் பிரான்ஸ் ஹோப்மைஸ்டர், 1888இல். அவர் பயன்படுத்தியதும் முட்டைப் புரதம்தான்.

படி 5: தண்ணீரைக் கணக்கில் சேருங்கள்

தொடக்கத்தில் இருப்பவர்கள் சறுக்கும் இடம் இது. இரண்டு மூலக்கூறுகள் சேரும் படத்தைப் புத்தகத்தில் போடும்போது சுற்றியுள்ள தண்ணீரை யாரும் வரைவதில்லை.

ஒரு புரதத்துக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று உருவானால் 20 கிலோஜூல் லாபம் என்று எழுதத் தோன்றும். அந்த இரண்டு தொகுதிகளும் அதற்கு முன்பு சும்மா இருக்கவில்லை; தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுத்தான் இது உருவாகிறது. வரவில் செலவைக் கழித்தால் மிஞ்சுவது சில கிலோஜூல்தான். இன்னொரு பக்கம், உள்ளே புதைந்த ஒரு தொகுதிக்குத் துணை கிடைக்காமல் போனால் முழுச் செலவும் நட்டம். ஆகவே ஹைட்ரஜன் பிணைப்பு புரதத்துக்கு மொத்த வலுவைத் தருவதைக் காட்டிலும் எந்த வடிவம் என்பதைத் தீர்மானிக்கிறது.

எண்ணெய் தண்ணீரில் சேராததற்கும் எண்ணெய் மூலக்கூறுகளுக்குள் தனிப்பட்ட பாசம் எதுவும் காரணமில்லை. எண்ணெயைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளை இழக்காமல் இருக்க ஒழுங்காகத் திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. அவற்றின் என்ட்ரோபி குறைகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து அந்தத் தண்ணீருக்கு விடுதலை. நீர்வெறுக்கும் விளைவு என்பது இதுவே. சங்கிலியில் ஒவ்வொரு மெத்திலீன் தொகுதிக்கும் (ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன்) இதனால் மோலுக்கு மூன்று, மூன்றரை கிலோஜூல் ஆதாயம். ஒற்றையாகப் பார்த்தால் நம் அளவுகோலைச் சற்றே தாண்டுகிறது. பத்து தொகுதி சேர்ந்தால் ஏ.டி.பி.யின் 30.5 அளவுக்கு வந்துவிடும். புரதங்கள் மடிவதற்கு முக்கிய உந்துதல் இதுதான் என்று 1959இல் வால்ட்டர் கௌஸ்மன் வாதிட்டார். இன்றும் அந்தக் கருத்து நிற்கிறது.

முட்டை அவிவது இதன் மறுபக்கம். சூட்டில் புரதம் பிரிந்து, உள்ளே ஒளிந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே வருகின்றன. பக்கத்துப் புரதத்தின் அதே பகுதிகளோடு ஒட்டிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. ஆறினாலும் திரும்ப வழியில்லை. இதை வைத்து, பிரிந்த புரதம் ஒருபோதும் மீளாது என்று நினைத்துவிடக் கூடாது. நீர்த்த கரைசலில் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியைப் பிரித்து, மீண்டும் தானாகவே சரியான வடிவத்துக்கு வருவதைக் கிறிஸ்டியன் அன்பின்சன் காட்டினார். அதற்கு 1972இல் நோபல் பரிசு.

படி 6: ரப்பர் பேண்டை உதட்டில் வையுங்கள்

என்ட்ரோபி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் தொடுங்கள். வெதுவெதுப்பு தெரியும். அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். சூடு காற்றில் ஆறட்டும். இப்போது சட்டென்று சுருங்க விட்டு மறுபடி உதட்டில் தொடுங்கள். குளிரும். 1805இல் ஜான் காஃப் என்பவர் இதை இப்படியே உதட்டில் வைத்துத்தான் கண்டு எழுதினார். பிறகு 1859இல் ஜூல் கருவிகளால் அளந்தார்; ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த அதே ஜூல்.

ரப்பர் மூலக்கூறு ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. சும்மா இருக்கும்போது அது கண்டபடி சுருண்டு கிடக்கிறது; சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள் உண்டு. நீட்டினால் வழிகள் குறைகின்றன. என்ட்ரோபி குறைகிறது, அதற்கு ஈடாக வெப்பம் வெளியேறுகிறது. மிக அதிகமாக இழுக்கும்போது சங்கிலிகள் கொஞ்சம் படிகமாகவும் ஒழுங்குபடும், அதிலிருந்தும் வெப்பம் வரும். விட்டால் தானாகச் சுருங்குகிறது. அப்போது குளிர்கிறது என்பதைக் கவனியுங்கள். தானாக நடக்கும் வினை வெப்பத்தை வெளியேற்றத்தான் வேண்டும் என்று பள்ளியில் மனதில் பதிந்திருந்தால், அது இங்கே உதட்டிலேயே உடைகிறது. இந்தச் சுருக்கத்தை நடத்துவது என்ட்ரோபி.

இன்னும் ஒன்று செய்யுங்கள். பேண்டை ஆணியில் மாட்டி, கீழே தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டித் தொங்க விட்டு, அடிமட்டத்தால் பாட்டிலின் உயரத்தைக் குறியுங்கள். ஹேர் டிரையரால் பேண்டைச் சூடாக்குங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் நீளும். பேண்ட் சுருங்கிப் பாட்டிலை மேலே தூக்கும். சமன்பாட்டில் என்ட்ரோபியோடு வெப்பநிலை பெருக்கப்படுகிறது அல்லவா, அந்தப் பெருக்கல் குறி இங்கே ஒரு பாட்டிலைத் தூக்குகிறது. புகைபோட்ட வெறும் ஷீட்டை வெட்டி இதைச் செய்தால் சரிவராது. கந்தகத்தோடு வல்கனைஸ் செய்யாத, அதாவது குறுக்கே பிணைக்காத, ரப்பரின் சங்கிலிகள் பாரத்தில் மெல்ல வழுக்கிக்கொண்டே போகும். நம் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள எலாஸ்டின் என்ற புரதம் விரிந்து சுருங்குவதிலும் என்ட்ரோபிக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 7: கூட்டிக் கழித்துப் பாருங்கள்

கட்டிலா ஆற்றலிலிருந்து சமநிலை மாறிலிக்குப் போக, அறை வெப்பநிலையில் ஒரு குறுக்குவழி: ஒவ்வொரு 5.7 கிலோஜூலுக்கும் பிணைப்பின் வலு பத்து மடங்கு. ஒரு மருந்து தன் புரதத்தோடு கூடுதலாக ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கி நிகரமாக 5.7 சம்பாதித்தால் பத்தில் ஒரு பங்கு மருந்தே அதே பிடிப்பைத் தரும். மருந்து வடிவமைப்பவர்கள் ஓரிரு கிலோஜூலுக்காக ஆண்டுக்கணக்கில் மாரடிப்பது இதனால்தான்.

ஒரு சாதாரணப் புரதம் மடிந்த நிலைக்கும் பிரிந்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல். ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கணக்கில் வரவும் செலவும் இருந்து, கடைசியில் மிஞ்சுவது இவ்வளவே. அதனால் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் கதை மாறலாம். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். எதிர் மின்சுமை ஒன்று போனது, நீர்வெறுக்கும் திட்டு ஒன்று வந்தது. ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின்கள் அந்தத் திட்டின் வழியே ஒட்டிக்கொண்டு இழைகளாகின்றன. அந்த இழைக் கூழைக் குளிர வைத்தால் இளகிவிடும் என்பது ஆய்வகத்தில் கண்ட உண்மை. படி 2இல் ஸ்டார்ச் சூட்டில் விட்டது, இது குளிரில் விடுகிறது. இரண்டில் எதை என்தால்பி நடத்துகிறது, எதைத் தண்ணீரின் என்ட்ரோபி நடத்துகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

படி 8: திரையில் புரதத்தைத் திறவுங்கள்

1971இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஹீமோகுளோபினைத் தேடி, கைப்பேசி உலாவியிலேயே முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். முதலில் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களுக்கு ஒரு நிறம், மின்சுமை உள்ளவற்றுக்கு வேறு நிறம் கொடுங்கள். முதல் வகை பெரும்பாலும் உள்ளேயும் இரண்டாவது பெரும்பாலும் வெளியேயும் நிற்பது தெரியும். பிறகு ராமச்சந்திரன் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சேர்ந்து வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதை, அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தூரம்வரை நெருங்க முடியும் என்ற ஒரே விதியை வைத்துக் கணக்கிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். அணுக்கள் முட்டிக்கொள்வதால் அந்தக் கோணங்கள் தடை. வாண்டர் வால்ஸ் விசைக்கு ஈர்ப்பு மட்டும் இல்லை, மிக நெருங்கினால் கடுமையான விலக்கமும் உண்டு என்பதை இந்த வெறுமை காட்டுகிறது. புதிதாகக் கண்டறியும் புரத வடிவங்கள் சரிதானா என்று உலகெங்கும் இன்றும் இதில் போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாக, மென்பொருளில் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் காட்டச் சொன்னால் திரை முழுக்கப் புள்ளிக்கோடுகள் வரும். அவற்றை எண்ணி 20ஆல் பெருக்கி, புரதத்தின் வலு இவ்வளவு என்று செய்முறை ஏட்டில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும், அந்தத் தொகுதி தண்ணீரில் நின்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைக் கழித்த பிறகே எண்ணை எழுத வேண்டும். மேற்பரப்பில் உள்ள கோடுகளுக்குப் பெரும்பாலும் மிச்சம் சொற்பமாகத்தான் வரும்.